மீட்டர் பெட்டியைத் தொட்ட வாடகைக்காரர்: மாட்யூல்களில் லாக் எழுதக் கற்ற கதை

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றின் கணக்கர் ராத்திரி ஒன்பதரைக்குப் போன் செய்தார். “தம்பி, ஒரே நம்பர்ல ரெண்டு பில் வந்திருக்கு. ரெண்டும் வேற வேற பார்ட்டி. நாளைக்கு ஆடிட்டர் கேட்டா நான் என்ன சொல்றது?” இது 2013-இல். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுதி, விற்று, சப்போர்ட்டும் பார்த்துக்கொண்டிருந்த பில்லிங் மென்பொருள் அது. “லாக் பார்த்துட்டுக் கூப்பிடறேன் சார்” என்று சொல்லிவிட்டு ரிமோட்டில் அவர்கள் சர்வருக்குள் போனேன். லாக் கோப்பு, அதாவது மென்பொருள் தான் செய்வதை வரிவரியாகக் குறித்துவைக்கும் கோப்பு, இருந்தது. அதன் கடைசி வரி எழுதப்பட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் என்ன செய்தோம் என்று யோசித்தால், சரக்கு இருப்பைக் கவனிக்கும் பகுதியான மாட்யூலின் புது ஜாரை (ஜாவா நிரலின் பொட்டலம்) போட்டிருந்தோம். அவ்வளவுதான். பில் மாட்யூலில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை.

எங்கள் மென்பொருள் அப்போதே தனித்தனி ஜார்களாகத்தான் இருந்தது. பில், சரக்கு, வரி, எஸ்எம்எஸ், ரிப்போர்ட் என்று ஐந்து மாட்யூல்கள். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் எழுதினார். லாக் விஷயத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சம்பிரதாயம். பில் மாட்யூலில் நான் லாக் எழுதும் ஜாவா லைப்ரரியான லாக்4ஜே 1.2 வைத்திருந்தேன். வரி மாட்யூலில் ஜாவா 1.4 காலத்திலிருந்து, அதாவது 2002-லிருந்து, ஜாவாவோடு கூடவே வரும் ஜாவா.யூட்டில்.லாகிங். எஸ்எம்எஸ் மாட்யூலில் காமன்ஸ் லாகிங் என்ற இன்னொரு லைப்ரரி. சரக்கு மாட்யூலை எழுதிய அண்ணனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. “இங்கே வந்தாச்சு 1”, “இங்கே வந்தாச்சு 2” என்று திரையில் பிரிண்ட் செய்தே பிழை கண்டுபிடிப்பார். அவரை நச்சரித்து லாக்4ஜே-க்கு மாற்றியது நான்தான். மாற்றிய அந்த ஜார்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் போனது.

அவர் மாற்றிய விதம் இது. தன் ஜாருக்குள்ளேயே ஒரு லாக்4ஜே கான்ஃபிக் கோப்பை, அதாவது எங்கே, எப்படி எழுதுவது என்று சொல்லும் கோப்பை, வைத்திருந்தார். எக்ஸ்எம்எல் வடிவத்தில். என்னுடைய கான்ஃபிக் பிராப்பர்ட்டீஸ் வடிவத்தில் இருந்தது. லாக்4ஜே 1.2 கிளம்பும்போது முதலில் எக்ஸ்எம்எல் கோப்பு எங்கேயாவது கிடைக்கிறதா என்று பார்க்கும். கிடைக்காவிட்டால்தான் பிராப்பர்ட்டீஸ் கோப்பைத் தேடும். ஆக, ஓரமாக உட்கார்ந்திருந்த மாட்யூலின் கோப்பு முழு மென்பொருளின் லாக்கையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. அந்தக் கோப்பில் லாக் எழுதவேண்டிய இடம் என்று அண்ணனின் சொந்தக் கணினியின் டி டிரைவ் பாதை இருந்தது. ஈரோட்டு சர்வரில் டி டிரைவே கிடையாது. கோப்பைத் திறக்க முடியவில்லை என்று லாக்4ஜே ஒரு வரி புலம்பியிருக்கும். ஆனால் அது விண்டோஸ் சர்வீஸாக ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் புலம்பலைக் கேட்க யாரும் இல்லை. மூன்று வாரமாக ஐந்து மாட்யூல்களில் மூன்று காற்றில் பேசிக்கொண்டிருந்தன.

இதைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போனது. ஜாவாவைக் கிளப்பும்போது லாக்4ஜே.டீபக் என்ற சிஸ்டம் பிராப்பர்ட்டியைக் கொடுத்தால், எந்தக் கான்ஃபிக்கை எங்கிருந்து எடுத்தேன் என்று அதுவே சொல்லிவிடும். அது அன்றைக்குத் தெரியாது. பில் எண் இரட்டிப்புக்குக் காரணம், இரண்டு கவுன்டர்கள் ஒரே நேரத்தில் கடைசி எண்ணைப் படித்து ஆளுக்கு ஒன்று கூட்டிக்கொண்டதுதான். லாக் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. இல்லாததால் பதினோரு நாள்.

அண்ணனிடம் சண்டை போடப் போனேன். அவர் கேட்டது சரியான கேள்வி: “என் மாட்யூல் எங்கே எழுதணும்னு நான்தானே சொல்லணும்?” அப்போது பதில் வரவில்லை. பிறகு பல தடவை யோசித்து, என் வீட்டு உரிமையாளரை வைத்துத்தான் எனக்கே அது புரிந்தது. வாடகைக்கு வருகிறவர் உள்ளே எத்தனை விளக்கு வேண்டுமானாலும் போடலாம். மீட்டர் பெட்டியைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டக்கூடாது. மாட்யூலின் வேலை பேசுவதோடு முடிந்தது. அந்தப் பேச்சை எங்கே எழுதுவது, எவ்வளவு நாள் வைத்திருப்பது, எந்த அளவுக்குக் கீழே வந்தால் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுவது என்பதெல்லாம் மாட்யூல்களைச் சேர்த்து ஓட்டுகிற அப்ளிகேஷன் தீர்மானிக்கவேண்டியது.

புரிந்ததும் நான் செய்த முதல் காரியம் ஒரு தப்பு. சொந்தமாக ஒரு லாக் உறை எழுதினேன். எல்லா மாட்யூலும் என் உறையைத்தான் கூப்பிடவேண்டும், உள்ளே நான் லாக்4ஜே-யைக் கூப்பிடுவேன், நாளைக்கு வேறு எதற்காவது மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? போட்ட முதல் வாரத்தில் சப்போர்ட் பையன் வந்து, “அண்ணே, எல்லாப் பிழையும் 47-ஆவது வரியிலயே வருதே?” என்றான். பார்த்தால் எந்த மாட்யூல் எழுதினாலும் லாக்கில் கோப்பின் பெயர் என் உறையின் பெயராகவும், வரி எண் 47 ஆகவும் பதிவாகியிருந்தது. லாக்4ஜே-யைக் கூப்பிடுவது என் உறையின் 47-ஆவது வரிதானே, அதற்கு என்ன தெரியும்! உறையின் பெயரைச் சொல்லி “இதற்கு முன்னால் இருப்பவரைப் பார்” என்று கேட்கும் வழி லாக்4ஜே-யில் உண்டு. அதைத் தேடிப் போட்டேன். அடுத்து, உறையில் ஒரு மெத்தடின் கையெழுத்தை, அதாவது அது எந்த மதிப்புகளை வாங்கும் என்ற வடிவத்தை, மாற்றினேன். புது உறையோடு பழைய வரி மாட்யூல் சேர்ந்தபோது ‘அப்படி ஒரு மெத்தட் இல்லை’ என்று நடுக்கடையில் நின்றது. லாக் எழுதப் போய் பில்லே அடிக்க முடியாமல் போன அந்த மத்தியானத்தை மறக்கமாட்டேன். சொந்த உறை எழுதலாமா என்று யாராவது கேட்டால் இன்றும் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். அந்த உறையை ஏற்கெனவே ஒருவர் எழுதி, பல வருஷம் அடிபட்டு, சரிசெய்து வைத்திருக்கிறார்.

அவர் ஜெகி குல்ஜூ. லாக்4ஜே-யைத் தொடங்கியவரே அவர்தான். பின்னால் எஸ்எல்எஃப்4ஜே என்ற முகப்பையும் லாக்பேக் என்ற லாக் லைப்ரரியையும் அவரே உருவாக்கினார். முகப்பு என்றால், மாட்யூல்கள் பேசுவதற்கான ஜன்னல் மட்டும். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிற குமாஸ்தா லாக்பேக்காக இருக்கலாம், லாக்4ஜே-யாக இருக்கலாம், ஜாவாவின் சொந்த லாகிங்காகவும் இருக்கலாம். 2015 ஆகஸ்டில், லாக்4ஜே 1-க்கு இனி பராமரிப்பு கிடையாது என்று அதைப் பராமரித்துவந்த அப்பாச்சி அமைப்பு அறிவித்தபோதுதான் எங்களுக்கு மாறுவதற்கு ஒரு சாக்கு கிடைத்தது. மாட்யூல்கள் எல்லாம் எஸ்எல்எஃப்4ஜே-யை மட்டும் கூப்பிடும். அப்ளிகேஷன் மட்டும் லாக்பேக்கைக் கொண்டுவரும். திருத்த நேரமில்லாத பழைய ஜார்களுக்கு லாக்4ஜே மாதிரியே வேஷம் போட்டு எஸ்எல்எஃப்4ஜே-க்குத் திருப்பிவிடும் பால ஜார் ஒன்று உண்டு. காமன்ஸ் லாகிங்குக்கும் அதே மாதிரி ஒன்று. உண்மையான லாக்4ஜே ஜாரை, ஜார்களைச் சேர்த்துக் கட்டும் பில்ட் கருவியான மேவனில் விலக்கிவிட்டு, வேஷக்கார ஜாரைப் போட்டோம். பழைய மாட்யூல்களைத் திரும்ப கம்பைல்கூடச் செய்யவில்லை.

இங்கே ஒரு குழி இருக்கிறது, விழுந்துதான் தெரிந்துகொண்டேன். யாரோ ஒருவர் தன் மாட்யூலின் டெஸ்டுக்காக எஸ்எல்எஃப்4ஜே சிம்பிள் என்ற சின்னக் குமாஸ்தாவைச் சேர்த்திருந்தார். டெஸ்டுக்கு மட்டும் என்று குறிக்க மறந்துவிட்டார். அது அப்ளிகேஷனோடு சேர்ந்து கிளையன்ட் வரை போய்விட்டது. இப்போது ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு குமாஸ்தாக்கள். என் கணினியில் லாக்பேக் உட்கார்ந்தது. கிளையன்ட் சர்வரில் சிம்பிள் உட்கார்ந்தது. சிம்பிளுக்குக் கோப்பில் எழுதும் பழக்கம் இல்லை, எர்ரர் ஸ்ட்ரீமில் கொட்டும். மறுபடியும் லாக் கோப்பு காலி. இரண்டு பேர் இருந்தால் யார் உட்காருவார் என்பதைக் குருட்டு அதிர்ஷ்டமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லி எஸ்எல்எஃப்4ஜே-யின் ஆவணமே எச்சரிக்கிறது. கிளம்பும்போது ‘ஒன்றுக்கு மேல் இருக்கிறது’ என்று எச்சரிக்கையும் வரும். யார் படிக்கிறார்கள்? ஒரு குமாஸ்தாவும் இல்லாவிட்டால் இன்னும் மோசம்: சின்னதாக ஒரு எச்சரிக்கை, பிறகு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு மௌனம்.

எஸ்எம்எஸ் மாட்யூலைப் புதுப்பித்தபோது வந்த கோளாறு இன்னும் வேடிக்கை. அது லாக்4ஜே 1-க்கு எழுதும் குமாஸ்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தது. எங்களிடம் ஏற்கெனவே லாக்4ஜே வேஷம் போடும் பாலம் இருந்தது. பாலம் எஸ்எல்எஃப்4ஜே-யிடம் தரும், எஸ்எல்எஃப்4ஜே லாக்4ஜே-யிடம் தரும், லாக்4ஜே என்று நினைத்தது பாலமே. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். நல்லவேளை, இரண்டு ஜாரும் ஒன்றாக இருப்பதைக் கண்டால் சுற்ற ஆரம்பிக்கும் முன்பே பிழை காட்டி நிறுத்திவிடும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பில்டிலேயே பூட்டுப் போட்டேன். விதிகளைச் சோதிக்கும் மேவன் என்ஃபோர்சரில் தடைசெய்த ஜார்களின் பட்டியல் ஒன்று. மாட்யூல் எதுவும் குமாஸ்தாவைக் கூட்டிவந்தால் பில்டே உடையும். வாயால் சொன்ன விதியை யாரும் கடைப்பிடிக்கவில்லை. பில்ட் உடைந்ததும் எல்லாரும் கடைப்பிடித்தார்கள்.

சரி, குழாய் போட்டாகிவிட்டது. அதில் என்ன வருகிறது என்பது தனிப் பிரச்சினை. அதில் நான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன்.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. வரி மாட்யூலை முழுக்கத் திரும்ப எழுதினோம். முதல் வாரம் சப்போர்ட் பையன் பதறிப்போய் வந்தான்: “நேத்து மட்டும் இருநூத்துச் சொச்சம் எர்ரர் அண்ணே!” உட்கார்ந்து எண்ணினேன். உண்மையில் நாற்பத்து மூன்று. பொருளுக்கு ஹெச்எஸ்என் குறியீடு (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) இல்லையென்றால் வரி மாட்யூல் எர்ரர் என்று லாக் எழுதிவிட்டு, எக்ஸெப்ஷனை, அதாவது பிழை அறிவிப்பை, தன்னைக் கூப்பிட்ட அடுக்குக்கு மேலே எறியும். அதைப் பிடித்த கணக்கீட்டு அடுக்கு எர்ரர் எழுதிவிட்டு மேலே எறியும். பில் மாட்யூல், அப்புறம் கவுன்டர் திரை, கடைசியில் பொதுப் பிடிப்பான். ஒரே தப்புக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் எந்த மெத்தட் எதைக் கூப்பிட்டது என்று காட்டும் அறுபது வரி ஸ்டாக் டிரேஸோடு. எல்லாரும் ‘நான் சொல்லிட்டேன்’ என்று கை கழுவிக்கொண்டதன் விளைவு. எழுது, இல்லை எறி. இரண்டும் செய்யாதே என்று அப்போது ஒரு ஒழுங்கு வைத்தோம். எறிகிறவர் தனக்குத் தெரிந்த விவரத்தை, அதாவது பொருள் எண், பில் எண் எல்லாவற்றையும், எக்ஸெப்ஷனுக்குள்ளேயே வைத்து எறியவேண்டும். யார் அதைக் கடைசியாகக் கையாள்கிறாரோ அவர் ஒரு தடவை எழுதுவார்.

இன்னொன்று: ஹெச்எஸ்என் இல்லாதது எர்ரரா? வரி மாட்யூலுக்கு அது பெரிய தப்பு. கடைக்காரருக்கு அது ‘டைப் பண்ண மறந்துட்டேன்’. தான் கொடுத்த தகவல் எவ்வளவு அவசரமானது என்பது மாட்யூலுக்குத் தெரியாது, அதைப் பயன்படுத்துகிற இடத்துக்குத்தான் தெரியும். அதனால் உள் மாட்யூல்களில், லாக் வரியின் அவசரத்தைக் காட்டும் லெவல்களில் எர்ரரை ரொம்பச் சிக்கனமாக வைத்தோம். சாதாரண நடமாட்டம் எல்லாம் டீபக். ஒரு நாளைக்கு நாலு தடவை மட்டும் நடக்கிற, ஆனால் தெரிந்தே ஆகவேண்டிய விஷயங்கள் இன்ஃபோ: ‘வரி அட்டவணை மாற்றப்பட்டது’ மாதிரி.

டீபக் அணைந்திருந்தால் செலவே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். எஸ்எல்எஃப்4ஜே-யில் வாக்கியத்தை ஒட்டி ஒட்டிக் கட்டாமல், இடத்தை வெற்றுச் சுருள் அடைப்பால் காட்டி, மதிப்பைத் தனியாகக் கொடுக்கலாம். லெவல் அணைந்திருந்தால் வாக்கியம் கட்டப்படாது. ஆனால் அந்த மதிப்பைக் கணக்கிடும் வேலை அதற்கு முன்பே நடந்துவிடும் என்பதை மறந்துபோனேன். என் டீபக் வரி ஒன்றில் முழு பில்லையும் எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தரும் மெத்தடைக் கூப்பிட்டிருந்தேன். டீபக் அணைந்திருந்தும் ஒவ்வொரு பில்லுக்கும் அந்த எக்ஸ்எம்எல் உருவாகி, யாரும் பார்க்காமல் குப்பைக்குப் போனது. தீபாவளிக் கூட்டத்தில் கவுன்டர் நின்று நின்று வேலை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த மாதிரி கனமான வரிகளுக்கு முன்னால் ‘டீபக் எரிகிறதா’ என்று ஒரு கேள்வி போதும். 2022-இல் வந்த எஸ்எல்எஃப்4ஜே 2.0-வில், மதிப்பைத் தேவைப்பட்டால் மட்டும் கணக்கிடும்படி லாம்டா என்ற சின்ன நிரல் துண்டாகவும் கொடுக்கலாம்.

எந்த பில்லின் லாக் எது என்று பிரிப்பதற்கு எம்டிசி, அதாவது லாக் வரிகளோடு சேரவேண்டிய குறிப்புகளை வைக்கும் பெட்டி, வைத்தோம். பில் எண்ணையும் கவுன்டர் எண்ணையும் கவுன்டர் திரை ஒரு தடவை அதில் வைத்துவிட்டால், உள்ளே எந்த மாட்யூல் பேசினாலும் வரியின் தலையில் அவை தானாக வந்து நிற்கும். வரி மாட்யூலுக்கு பில் எண் என்றால் என்னவென்றே தெரியவேண்டாம். என்னைக் கேட்டால் இந்த முகப்பு முறையில் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான். ஒரே சங்கடம், அது த்ரெடோடு, அதாவது அந்த வேலையை ஓட்டும் இழையோடு, ஒட்டியிருக்கும். எஸ்எம்எஸ் அனுப்புவது வேறு த்ரெட்களின் தொகுப்பான த்ரெட் பூலில் நடக்கும், அங்கே போனதும் பில் எண் காணாமல் போகும். இல்லாவிட்டால் அதைவிட மோசமாக, முந்தைய பில்லின் எண் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலையைப் பூலிடம் கொடுக்கும்போது எம்டிசியின் நகலை எடுத்துக் கொடுத்து, முடிந்ததும் துடைத்துவிடவேண்டும். துடைக்க மறந்து, தப்பான பார்ட்டியின் பில்லைக் குற்றம் சொல்லி ஒரு சாயங்காலம் வீணாக்கியிருக்கிறேன்.

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. லாக்4ஜே-யின் அடுத்த தலைமுறையான லாக்4ஜே 2-இல் இருந்த பாதுகாப்பு ஓட்டை முந்தின நாள்தான் வெளியே வந்திருந்தது. அதன் பதிவு எண் சிவிஇ-2021-44228, அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. லாக்கில் எழுதப்படும் வாக்கியத்துக்குள் ‘ஜேஎன்டிஐ’ என்று தொடங்கும் ஒரு குறியீடு இருந்தால், லாக்4ஜே அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு வெளி சர்வருக்குப் போய் அங்கிருப்பதைக் கொண்டுவந்து ஓட்டும். பெயர் டைப் செய்யும் பெட்டியில் எழுதினால் போதும், அதை யாராவது லாக் செய்தால் கதை முடிந்தது. எங்களிடம் இருந்தது லாக்பேக், ஆகவே நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்ததும் சந்தேகம். மேவனில் டிபெண்டன்சி மரத்தை, அதாவது எந்த ஜார் எதைக் கூட்டிவருகிறது என்ற பட்டியலை, பார்த்தேன், லாக்4ஜே-யின் கோர் ஜார் எங்கும் இல்லை. ஆனாலும் சர்வரில் இருந்த ஒவ்வொரு ஜாரையும் பிரித்து, ஜேஎன்டிஐ லுக்கப் என்ற கிளாஸ் இருக்கிறதா என்று தேடினேன். விலைக்கு வாங்கிய ரிப்போர்ட் மாட்யூலின் வயிற்றுக்குள் இருந்தது. அவர்கள் லாக்4ஜே கோரைத் தங்கள் ஜாருக்குள்ளேயே அரைத்துக் கலந்திருந்தார்கள். மரத்தில் அது தெரியாது, என் என்ஃபோர்சர் பூட்டுக்கும் தெரியாது.

அந்த கிளாஸை மட்டும் ஜாரிலிருந்து நீக்குவது அப்போது சொல்லப்பட்ட அவசர வைத்தியம். செய்தோம். லாக்4ஜே தரப்பில் 2.15.0 வந்தது, அது போதாது என்று 2.16.0, பிறகு 2.17.0, டிசம்பர் முடிவதற்குள் 2.17.1. ரிப்போர்ட் மாட்யூல்காரர்களிடமிருந்து புது ஜார் வர இரண்டு மாதம் ஆனது. அதே அப்ளிகேஷனில் லாக்4ஜே-யின் ஏபிஐ ஜாரை மட்டும் வைத்திருந்த இன்னொரு வெளி மாட்யூலுக்கு ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை, ஓட்டை இருந்தது கோரில்தான். பேசும் ஜன்னலை மட்டும் கொண்டுவந்தவர், குமாஸ்தாவையே வயிற்றில் கட்டிக்கொண்டு வந்தவர்: இருவருக்கும் உள்ள வித்தியாசத்தை என் டீமுக்கு நான் நாலு வருஷம் சொல்லியிருப்பேன், அந்த ஒரு வார இறுதியில்தான் எல்லாருக்கும் உறைத்தது. பழைய லாக்4ஜே 1-இலேயே இருந்த நண்பர்கள் சிலர் ‘எங்களுக்கு அந்த ஓட்டையே இல்லை’ என்று சிரித்தார்கள். ஆறு வருஷமாகப் பராமரிப்பு இல்லாத வீட்டில் குடியிருப்பவர் பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பார்த்துச் சிரித்த மாதிரி.

ஜாவா இல்லாத இடத்திலும் இதே கதைதான். பைத்தானில் லாகிங் 2003-இல் 2.3-உடன் வந்தது. லைப்ரரி எழுதுகிறவர்கள் தங்கள் லாகருக்கு ஒன்றும் செய்யாத நல் ஹேண்ட்லர் (ஹேண்ட்லர் என்பது லாக் வரியை எங்கே எழுதுவது என்று கவனிக்கும் பகுதி) தவிர வேறு எதையும் மாட்டக்கூடாது என்று அதன் ஆவணமே சொல்கிறது. எங்கள் விற்பனைக் கணிப்பு லைப்ரரியில் தம்பி ஒருவன் தன் லாகரில் திரைக்கு எழுதும் ஹேண்ட்லரை மாட்டிவிட்டான். எல்லா லாகரின் பேச்சும் வந்துசேரும் அப்ளிகேஷனின் ரூட் லாகரிலும் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை வந்தது. “அண்ணா, ப்ரோக்ராம் ரெண்டு தடவை ஓடுது” என்று ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறான், பாவம்.

எல்லா மாட்யூலுக்கும் லாக் வேண்டுமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். எண்ணை எழுத்தில் மாற்றித் தரும் ஒரு குட்டி ஜார் இருக்கிறது எங்களிடம், ‘ரூபாய் நாலாயிரத்து முந்நூறு மட்டும்’ என்று பில்லில் வருமே, அது. அதில் லாக்கே கிடையாது. சரியென்றால் விடை தரும், தப்பென்றால் எக்ஸெப்ஷன் தரும். அதற்கு எஸ்எல்எஃப்4ஜே-யைக்கூடச் சுமக்கவைக்க மனம் வரவில்லை. கொஞ்சம் பேசவேண்டிய, ஆனால் வெளி ஜார் எதுவும் வேண்டாம் என்கிற மாட்யூலுக்கு ஜாவா 9-இல் வந்த சிஸ்டம்.லாகர் போதும். கோப்பில் எழுதும் பழக்கத்தையும் 2019-இல் டாக்கர் கன்டெய்னருக்கு (மென்பொருளைத் தேவையானவற்றோடு சேர்த்துப் பொட்டலமாக ஓட்டும் முறை) மாறியபோது விட்டுவிட்டோம், எல்லாம் நிரலின் சாதாரண வெளியீடான ஸ்டாண்டர்ட் அவுட்டுக்கே போகிறது. அப்படி மாறிய முதல் மாதமே டிஸ்க் நிரம்பிச் சர்வர் படுத்தது. டாக்கரின் இயல்பான ஜேசன் லாக் கோப்புக்கு அளவு வரம்பு கிடையாது, நாம்தான் வைக்கவேண்டும்.

சரக்கு மாட்யூல் இப்போது வேறொருவர் கையில். போன மாதம் அதில் ஒரு பிழை தேடும்போது, லாக்கில் நேரம், லெவல், பில் எண் எதுவும் இல்லாமல் ஒரு வரி தனியாக நின்றது: “இங்கே வந்தாச்சு 3”. ஒன்றும் இரண்டும் எப்போதோ நீக்கப்பட்டுவிட்டன. நான் தேடிய பிழை அந்த வரிக்கு இரண்டு வரி கீழேதான் இருந்தது. பிழையைத் திருத்தி கமிட் செய்தேன். அந்த வரியைத் தொடவில்லை.